யாருடைய சாண்?

மாதா துணை

பாரிஸ்
9.2.1986

அன்பு மகன் ஸ்ரனிஸ்லாசுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மூக்கு மட்டும் இந்தக் குளிரில் யாரோ இரவல் தந்த சாமான் மாதிரி முகத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. நீ அங்கே வெயிலில் காய்கிறாய், நான் இங்கே உறைகிறேன். இரண்டு பேரையும் ஒரு சட்டியில் போட்டுக் கலக்கினால் நல்ல பதத்துக்கு வருவோம்.

உன் படம் கிடைத்தது. தலையில் பிளாஸ்ரிக் தொப்பி, கக்கத்தில் சுருட்டிய வரைபடம். கோப்பை கழுவுகிற இடத்தில் எல்லாருக்கும் காட்டினேன். தில்லையண்ணைக்கும் காட்டினேன். இளவாலையில் ஒரு சாண் நிலத்துக்காகப் பதினொரு வருடம் யாரோடு கோடேறி வழக்காடினேனோ, அதே அயல்வீட்டுத் தில்லையம்பலத்தோடு இங்கே ஒரே அறையில் படுக்கிறேன் என்று போன முறை எழுதினேனே, நீ நம்பினாயோ தெரியாது. ரூ லூயி-பிளாங்கில் ஆறாம் மாடி, இரண்டு மெத்தை. நடுவில் கயிறு கட்டி, உடுக்கிற சாரம் ஒன்றைத் திரையாகத் தொங்கப் போட்டிருக்கிறோம். கயிறு கட்டின அன்றைக்கே மனிதர் எழும்பிப் பார்த்துவிட்டு, “மடுத்தீன், உன்ரை பக்கம் கொஞ்சம் கூடிப்போச்சு” என்றார்.

உன் படத்தைப் பார்த்ததும், “உன்ரை மோனும் வேலி அடைக்கிற வேலைக்கோ போனவன்? பரம்பரைத் தொழில்” என்றார். உன்னிடம் கேட்டுச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

நீ எல்லைப் பாதுகாப்புக்கு வேலி, வீதி, வாய்க்கால் என்று மூன்று சொல் எழுதியிருக்கிறாய். வேலி விளங்குகிறது. வீதியும் ரோந்துக்கு வேண்டும் என்று வை. வாய்க்கால் எதற்கு? தண்ணீருக்கும் அங்கே பாஸ்போர்ட் பார்க்கிறார்களா? பாலைவனத்தில் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? வேலி யாரை மறிக்கிறது, அவர்கள் எதற்கு வருகிறார்கள்? எல்லாவற்றையும் விபரமாக எழுது. நான் எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன். ஆகையால் நீ எதையும் இரண்டு தரம் சொன்னாலும் குறை நினைக்க மாட்டேன்.

உன் அப்பா,
மடுத்தீன்

•

சலாலா, ஓமான்
2.3.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். தில்லையம்பலம் மாமாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இங்கே பத்து மாதம் தண்ணீர் என்றால் போத்தலில்தான். ஆனால் மழை வந்தால் மலையில் உள்ளது முழுவதும் ஒரே நேரத்தில் கீழே இறங்கும். காய்ந்து கிடக்கிற அந்த ஆற்றுப் படுக்கையை இவர்கள் வாடி என்கிறார்கள். வாடிக்குக் குறுக்கே நாங்கள் வீதி போடுகிறோம், வீதியோரமாக வேலி. அடியில் தண்ணீர் போக வழி விடாவிட்டால் ஒரே மழையில் வீதியும் போகும், வேலியும் போகும். அதற்குத்தான் மதகு.

சிக்கலும் அந்த மதகில்தான். ஒரு ஆள் குனிந்து போகிற உயரம் அது. தண்ணீர் போகிற வழியால் ஆளும் வரலாம். அதனால் மதகு வாயில் கம்பி நடச் சொல்கிறார்கள். கம்பியை நெருக்கி நட்டால் வெள்ளத்தில் வருகிற செடி கொடி அடைத்துவிடும். அகட்டி நட்டால் ஆள் நுழைந்துவிடும். எவ்வளவு இடைவெளி என்று நான் தேடின புத்தகம் ஒன்றிலும் இல்லை. எங்கள் பெரிய எஞ்சினியர், ஸ்கொட்லாந்துக்காரர், “நீயே யோசித்துக் கீறு, நீயே கையெழுத்து வை” என்று என் தலையில் போட்டுவிட்டார்.

அப்பா, ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். நீங்கள் ஜெர்மனியில் இருந்து பிரான்சுக்கு வரும்போது ரயில்பாதைக்கு அடியில் ஒரு மதகுக்குள்ளால் வந்ததாகவும் அதில் கம்பி இருந்ததாகவும் எழுதினீர்கள். அந்தக் கம்பி எவ்வளவு இடைவெளியில் இருந்தது? எவ்வளவு இருந்தால் உங்களால் வந்திருக்க முடியாது? இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே அனுபவசாலி நீங்கள்தான்.

இது சரியாக முடிந்தால் ஆவணியில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் ஊருக்குத்தான் விமானம் ஏற்றுவார்கள். ஊரில் இப்போது என் வயதுப் பெடியளுக்கு என்ன நடக்கிறது என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

அன்பு மகன்,
ஸ்ரனி

•

பாரிஸ்
23.3.1986

அன்பு மகனுக்கு,

உன் கடிதத்தை வாசித்ததும் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டது. இத்தனை வயதுவரை என்னிடம் யாரும் ஆலோசனை கேட்டதில்லை. உன் அம்மா லூசியா கேட்டிருக்கிறாள், கேட்டுவிட்டு மறுவளமாகச் செய்வதற்காக.

அந்த மதகுக் கம்பி ஆளை மறிக்கப் போட்டதல்ல, காட்டுச் சருகை மறிக்கப் போட்டது. முன்னால் போன யாரோ புண்ணியவான் ஒரு கம்பியை வளைத்து வைத்திருந்தான். முழங்காலுக்குத் தண்ணீர். முன்னால் போகிறவனுடைய சப்பாத்து என் மூக்கில் இடித்தது. அந்த நேரம் அளவெடுக்க எனக்கு யோசனை வரவில்லை, மன்னித்துக்கொள்.

ஆகையால் திரும்ப ஒரு பரிசோதனை செய்தோம். எங்கள் கட்டட முற்றத்தில் குப்பைத் தொட்டிகள் வைக்கிற இடத்துக்கு ஒரு இரும்புக் கிராதி இருக்கிறது. அதில் ஒரு கம்பி கழன்றுபோன இடம் உண்டு. பலகைத் துண்டு வைத்து அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தொடங்கினேன். தில்லையண்ணை உதவியாளர். அடிமட்டம் இல்லை, கை இருக்கிறதே.

முதலில் ஒரு சாணும் நாலு விரலும். தலை போனது, தோள் சரிந்து போனது, வயிறு கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது. பிறகு ஒரு சாணும் இரண்டு விரலும். கோட்டைக் கழற்றி மூச்சை வெளியே விட்டால் போகலாம். பிறகு ஒரு சாண் மட்டும். தலை காதுவரைக்கும் போனது. அவ்வளவுதான். முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

“இழு அண்ணை!”

“எந்தப் பக்கம் இழுக்க?”

“வந்த பக்கம்!”

“பொறு, பொறு. கொஞ்சம் பார்த்துக்கொண்டு நிக்கிறன். பதினொரு வரியம் கோட்டிலை கிடைக்காத தீர்ப்பு குப்பைத் தொட்டியடியிலை கிடைச்சிருக்கு.”

அதற்குள் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற மர்கரீத் அம்மா வந்துவிட்டா. என் தலையைப் பார்த்தா, பிறகு அகலத் திறந்து கிடந்த வாசலைப் பார்த்தா. “வெளியே போக வாசல் இருக்கிறதே மிசியே, இதுக்குள்ளால் ஏன்?” என்று கேட்டா. “மகன், வேலி, வேலை” என்றேன். என் பிரெஞ்சு அவ்வளவுதான். அவ போய் கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தைக் கொண்டுவந்து என் இரண்டு காதிலும் பூசி இழுத்தா. தினமும் கோப்பை கழுவுகிறவன் அன்றைக்குத் தானே கோப்பையாகிப் போனேன்.

முடிவு: ஒரு சாண். ஒரு சாண் இடைவெளி விட்டால் மனிதன் காதுவரைதான் வரலாம், சவர்க்காரம் இல்லாமல் திரும்பியும் போக முடியாது. ‘சோதித்தவர்: இளவாலை மடுத்தீன்’ என்று வரைபடத்தின் மூலையில் போட்டாலும் எனக்கு ஆட்சேபமில்லை.

காது வீங்கிய,
அப்பா

•

சலாலா
20.4.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

காது ஆறிவிட்டதா? முகாமில் தனியே இருந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் எழும்பிப் பார்த்தார். பெரியவரிடம் ஒரு சாண் கணக்கைச் சொன்னேன். ஆதாரம் கேட்டார். “பாரிசில் பரிசோதித்தது” என்றேன். மரியாதையோடு தலையாட்டினார்.

அப்பா, வேலி யாரை மறிக்கிறது என்று முதலில் கேட்டிருந்தீர்கள். நான் அதற்குப் பதில் எழுதவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

வாடியின் அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு மனுசி காலையில் ஆடுகளோடு வருவா. முகாமுக்குப் பால் தருவா. மதகு கட்டின பிறகு அதற்குள்ளாலேயே வருகிறா, ஆடுகள் முன்னே, அவ குனிந்து பின்னே. ஆடுகள் குடிக்கிற கிணறு இந்தப் பக்கம். மகளைக் கட்டிக் கொடுத்ததும் இந்தப் பக்கம். மகள் இப்போது பிள்ளைத்தாய்ச்சி. எங்கள் சமையற்காரர் கேரளத்து ஆள். அவருக்கு அந்த மனுசியின் பேச்சுக் கொஞ்சம் பிடிபடும். அவர்தான் இதெல்லாம் சொன்னார்.

முந்தநாள் கம்பிகள் லொறியில் வந்து இறங்கின. மனுசி ஒரு கம்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது ஆடு வராமல் இருக்கவா, நான் வராமல் இருக்கவா?” என்று சமையற்காரரிடம் கேட்டா. அவர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

கடதாசி உள்ளவர்களுக்கு எல்லை வாசல் இருக்கிறது. ஒரு நாள் நடை. அவவிடம் கடதாசி இல்லை. எல்லை இதுக்குள்ளால் ஓடுகிறது என்று அவவுக்கு இதுவரை யாரும் சொன்னதும் இல்லை.

இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அடுத்த மாத நடுவில் கொடுக்க வேண்டும். உங்கள் சாணில் பிழை ஒன்றும் இல்லை அப்பா. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஸ்ரனி

•

பாரிஸ்
11.5.1986

என் ராசாவுக்கு,

உன் கடிதத்தைத் தில்லையண்ணைக்கு வாசித்துக் காட்டினது பிழையாய்ப் போயிற்று. மனிதர் சாரத்தை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது: “ஆருக்கோ நல்லாய் ஒரு சாண் அளந்து குடுத்தாய், மடுத்தீன். கோட்டிலையும் உப்பிடித்தான் அளந்தனி.” மூன்று நாள் பேச்சு இல்லை. ஒரு சாரம் ஒரு மதில் அளவுக்குத் தடிக்கும் என்று அந்த மூன்று நாளில் கண்டுகொண்டேன்.

அதே கிழமை அம்மாவின் கடிதமும் வந்தது. இளவாலையில் ஹெலி அடிக்கடி வந்து சுடுகிறதாம். பங்கர் வெட்டியிருப்பது தில்லையண்ணையின் வளவுக்குள். எங்கள் வளவில் தோண்டினால் கல். சத்தம் கேட்டவுடன் அம்மாவும் தங்கச்சி புஸ்பராணியும் வேலிப் பொட்டுக்குள்ளால்தான் ஓடுகிறார்களாம். தெருவால் சுற்றிப் போனால் நேரம் காணாது.

அந்தப் பொட்டு உனக்கு நினைவிருக்கும். மூலையில் கிடுகை விலக்கி ஆள் குனிந்து போகிற ஓட்டை. வழக்கு நடந்த காலம் முழுக்க ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது நான் அதையும் சேர்த்து இறுக்கி அடைப்பேன். அடுத்த நாள் விடியத் திறந்து கிடக்கும். இந்தப் பக்கத்தில் உன் அம்மா, அந்தப் பக்கத்தில் தில்லையண்ணையின் மனுசி இந்திராதேவி. சீனி போகும், குழம்பு வரும். கோட்டில் நான் என்ன சொல்லப் போகிறேன் என்ற செய்தியும் போயிருக்கிறது. அவருக்காக வாதாடின அப்புக்காத்து எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக வந்து நின்றது எப்படி என்று எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது. நானும் அவரும் வேலிக்காகச் செலவழித்தோம். இப்போது நாங்கள் இரண்டு பேரும் பாரிசில் இருக்கிறோம், அங்கே எங்கள் வீட்டாரைக் காப்பாற்றுவது நான் அடைக்க அடைக்கத் திறந்த அந்த ஓட்டை.

அந்த வழக்கே எப்படி வந்தது தெரியுமா? உன் அப்பப்பாவும் தில்லையண்ணையின் தகப்பனும், “கல்லில் இருந்து பத்து முழம் ஒரு சாண்” என்று வாயால் பேசி எல்லை வைத்தார்கள். யாருடைய கை என்று சொல்லாமலே இரண்டு பேரும் கண்ணை மூடிவிட்டார்கள்.

இனி, என் கை. நான் வேலை செய்கிற இடத்தில் கோப்பை கழுவ ரப்பர் கையுறை தருவார்கள். ஆம்பிளைகளின் கையுறைக்குள் என் கை நீந்தும். பரிமாறுகிற பிள்ளை ஆலீஸ், அவளுடைய அளவுதான் எனக்குச் சரி. ஒரு சாண் என்று நான் எழுதினது இந்தக் கையின் சாண். இதை எழுத மறந்துவிட்டேன், இப்போது எழுதுகிறேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். நீ ஊருக்குத் திரும்பக் கூடாது, அது முதலாவது. அந்த மனுசியும் மகளிடம் போய்வர வேண்டும். மாதாவிடம் இரண்டையும் ஒரே மெழுகுதிரியில் கேட்டிருக்கிறேன். இரண்டாவதுக்குத் தனித் திரி கொளுத்த வெட்கமாக இருந்தது.

அந்த ஆடுகள் என்ன நிறம்? பால் எப்படி? அதுவும் எழுது.

அப்பா

•

சலாலா
14.5.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் பதில் இன்னும் வரவில்லை. இன்று கொடுக்க வேண்டிய நாள், கொடுத்துவிட்டேன்.

பெரியவர் முன்னால் மேசையில் வரைபடத்தை விரித்தேன். நெருக்கமாகப் போட்டால் வெள்ளத்தில் அடைக்கும் என்று சொன்னேன், அது உண்மை. “அப்படியென்றால் உன் பாரிஸ் அளவு எவ்வளவு?” என்று கேட்டார். உங்கள் கடிதத்தில் ஒரு சாண் என்று இருக்கிறது. யாருடைய சாண் என்று இல்லை. நான் என் கையை விரித்து வைத்தேன். அவர் அடிமட்டத்தால் என் கையை அளந்து இலக்கத்தை எழுதினார். கீழே நான் கையெழுத்து வைத்தேன்.

உங்கள் கையை எனக்குத் தெரியும் அப்பா. ஊரில் உங்கள் கைக்கடிகாரம் தங்கச்சிக்கு அளவாக இருக்கும், கட்டிக்கொண்டு திரிந்தவள்.

கம்பி நட்டதும் சோதிக்க ஆட்கள் வருவார்கள். ஆள் நுழைகிறது என்று கண்டால் என் கதை முடிந்தது. அம்மாவுக்கு இதை எழுத வேண்டாம்.

ஸ்ரனி

•

சலாலா
31.8.1986

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதமும் உங்கள் கடிதமும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. உங்கள் கையுறைக் கதையை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு எழுதாமல் இருந்தது சோதனை முடியட்டும் என்றுதான்.

ஆனியில் கம்பி நட்டார்கள். முதல் நாள் மனுசி வந்து பார்த்துக்கொண்டு நின்றா. ஆடுகள் போய்விட்டன. அவ போர்வையைக் கழற்றி உள்ளே எறிந்தா, பக்கவாட்டில் திரும்பினா, மூச்சை விட்டா, வந்துவிட்டா. நீங்கள் கோட்டைக் கழற்றினது மாதிரித்தான் இருந்திருக்கும். நான் அளவுநாடாவைச் சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் பார்த்தேன்.

ஆடியில் சோதிக்க வந்தார்கள். அவர்களில் பருத்தவர் ஒருவர், “நானே பார்க்கிறேன்” என்று தலையை விட்டார். தலை போனது. தோளும் போனது. ஆனால் வயிறு உங்கள் வயிறு மாதிரி யோசிக்கவில்லை, ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து வெளியே இழுத்தோம். தூசியைத் தட்டிக்கொண்டு, “நல்ல உறுதி” என்று எழுதிக் கொடுத்தார். அவர்கள் போன பிறகு பெரியவர் இரண்டு கம்பிகளுக்கும் நடுவில் தன் கையை விரித்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

போன கிழமை பெருமழை. வந்த முள்ளும் செடியும் கம்பிக்குள்ளால் போய்விட்டன, வீதி நிற்கிறது. மனுசியின் மகளுக்கு ஆண் பிள்ளை. அன்றைக்குப் பாலுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றா. ஆடுகள் கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. பால் கொஞ்சம் உப்புக் கரிக்கும், பழகிவிட்டது.

ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று, ஆனால் மதகு வேலையில் இல்லை. தார் போடுகிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். சம்பளம் குறைவு. “இனி வருகிற மதகுகளுக்கு அளவு நான் தருகிறேன், மில்லிமீற்றரில்” என்றார் பெரியவர். கோபப்படாமல்தான் சொன்னார். அடுத்த வாடியிலும் ஆக்கள் நடந்த தடம் தெரிகிறது அப்பா. அதற்கு என்ன செய்வது?

இதோடு இன்னொரு தாளில் என் கையை வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி அனுப்புகிறேன். உங்கள் கையை வைத்துப் பாருங்கள்.

அன்பு மகன்,
ஸ்ரனி

•

பாரிஸ்
21.9.1986

என் ராசாவுக்கு,

வைத்துப் பார்த்தேன். உன் விரல்கள் என் விரல்களைத் தாண்டி வெளியே நிற்கின்றன. வேலையால் வந்த கை, சவர்க்காரத்தில் ஊறிச் சுருங்கியும் இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். தாளில் ஈரம் பட்டுவிட்டது, சவர்க்காரத் தண்ணீர் என்று எழுதுகிறேன், நீயும் அப்படியே எடுத்துக்கொள்.

அந்த நேரம் தில்லையண்ணை சாரத்துக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன அது, கொண்டா” என்றார். தன் கையை அதில் வைத்தார். வெட்டி ஒட்டின மாதிரி உன் அளவு.

“மடுத்தீன், என்ரை அப்புவின்ரை கையும் உவ்வளவுதான்.”

“என்ரை அப்பற்றை கை என்ரை கை மாதிரி, அண்ணை.”

அந்தப் பதினொரு வருட வழக்கில் இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்று இப்போதுதான் விளங்கியது. பிறகு அவர், “அப்புக்காத்துமாருக்கு உதைச் சொல்லாதை, சிரிப்பாங்கள்” என்றார்.

சம்பளம் குறைந்ததைப் பற்றி யோசிக்காதே. எனக்கு அனுப்புகிறதை நிறுத்து. என் மூக்குக்குச் செலவில்லை. அடுத்த வாடிக்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது ராசா. நீ கேட்ட முதல் கேள்விக்கு உடனே தலையைக் கொடுத்தேன், இந்தக் கேள்விக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தடத்தில் யார் நடக்கிறார்கள் என்று பார்த்து வை. எனக்கும் எழுது.

உன் கையைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அன்றைக்கே நடுவில் உள்ள கயிற்றை அவிழ்த்துவிட்டோம் என்று எழுத எனக்கு ஆசைதான். அவர் குறட்டையை நீ கேட்டதில்லை. கயிறு இருக்கிறது, சாரமும் தொங்குகிறது. கீழ்மூலையில் மட்டும் துணியை மடித்து ஊசி குத்தி ஒரு பொட்டு விட்டிருக்கிறோம், ஒரு தேத்தண்ணிக் கோப்பை போகிற அளவுக்கு. அவர்தான் குத்தினார், நான் அளக்கவில்லை.

உன் அப்பா,
மடுத்தீன்